படியில் வந்து சேரும் மில்லிமீட்டர்கள்

1947 கோடையில் ஷெவர்லே நிறுவனம் ‘அட்வான்ஸ் டிசைன்’ என்ற பெயரில் ஒரு புதிய பிக்கப் வரிசையை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. உருண்டு திரண்ட முகம், குறுக்கே ஐந்து பட்டைகள் ஓடும் கிரில், உப்பிய மட்கார்டுகள். 1955 தொடக்கம் வரை வெளிவந்த அந்த வரிசையில் 3100 என்பது அரை டன் வண்டி. அமெரிக்கப் பழைய வண்டிப் பிரியர்கள் இன்று விரும்பிப் புதுப்பிக்கும் வண்டிகளில் அதுவும் ஒன்று. பண்ணைக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த கூட்டை இழுத்துவந்து, மணல் பீய்ச்சித் துரு எடுத்து, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, டிங்கரிங் முடித்து, கதவையும் மட்கார்டையும் மாட்டி, அப்பாடா என்று மூச்சுவிடும் கட்டத்தில் இரண்டே இரண்டு பலகைகள் மிச்சமிருக்கும். கதவுக்குக் கீழே, முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே கிடக்கும் மிதிபலகைகள். அவர்கள் பேச்சில் ரன்னிங் போர்டு.

ஒரு பிற்பகலில் முடியும் வேலை என்று நினைத்துத்தான் தொடங்குவார்கள். பலகை உட்காராது. முன்பக்கத் துளை பொருந்தினால் பின்பக்கத் துளை கால் அங்குலம் தள்ளி நிற்கும். பின்பக்கத்தை இழுத்துப் பிடித்து போல்ட் போட்டால், நேற்றுவரை அழகாக மூடிய கதவு இன்று மட்கார்டில் உரசும். பலகையைத் திட்டுவார்கள். பலகையில் பெரும்பாலும் தவறு இருக்காது.

சேசிஸ், கேபின், முன் மட்கார்டு, பின் மட்கார்டு, சரக்குப் பெட்டி ஆகிய ஐந்தையும் நேராகவோ சுற்றிவளைத்தோ தொடும் உறுப்பு வண்டியிலேயே அது ஒன்றுதான். கேபின் ரப்பர் மெத்தைகள் வழியாக சேசிஸில் உட்கார்ந்திருக்கிறது. முன் மட்கார்டு ஒரு பக்கம் கேபினையும் மறுபக்கம் ரேடியேட்டர் தாங்கியையும் பிடித்திருக்கிறது. பின் மட்கார்டு சரக்குப் பெட்டியோடு சேர்ந்தது. பெட்டியோ தனியாக சேசிஸில் போல்ட் செய்யப்பட்டது. இந்த ஒவ்வோர் இணைப்பிலும் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இணைப்பின் பிழைகளும் ஒரே திசையில் சாய்ந்தால் 7.5 மி.மீ. ஆகிவிடும். ஆனால் தனித்தனியாக நேர்ந்த பிழைகள் அப்படி ஒரே பக்கம் சாய்வது அபூர்வம். ஒன்றின் கூடுதலை இன்னொன்றின் குறைவு ஓரளவு ஈடுகட்டும். பொறியாளர்கள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். இங்கே விடை சுமார் 3.4 மி.மீ. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுதான்.

இது தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த வண்டிக்கான கணக்கு. எழுபது ஆண்டுகள் சோளமும் வைக்கோலும் சுமந்து, இரண்டு மூன்று முறை மோதி நிமிர்த்தப்பட்டு, தரையில் பாதி துருப்பிடித்துப்போய்ப் புதுத் தகடு வைத்து ஒட்டப்பட்ட வண்டியில் ஒன்றரை மில்லிமீட்டரைக் கனவில்தான் பார்க்கலாம். கடைசியாக மாட்டப்படுவதால், அதுவரை நடந்த எல்லாத் தவறுகளுக்கும் பலகையின் இரு முனைகளில்தான் கணக்குத் தீர்க்கவேண்டி வருகிறது.

ஆதியில் இந்தப் பலகை அலங்காரமாக வந்ததல்ல. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி போன்ற வண்டிகளில் நேரான இரும்புச் சட்டம் ஆக்சில்களுக்கு மேலே ஓடியது. சட்டத்தின் மேல் தரை, தரையின் மேல் இருக்கை. சேற்றுப் பாதைகளில் தட்டாமல் போக வண்டி உயரமாக நிற்கவேண்டியிருந்தது. பாவாடையும் நீள அங்கியும் அணிந்தவர்கள் ஏற நடுவில் ஒரு படி தேவைப்பட்டது. சக்கரம் வாரியடிக்கும் சேற்றையும் அது தடுத்தது. கருவிப் பெட்டி, பயண மூட்டை, உதிரிச் சக்கரம் எல்லாம் அதன்மேல் குடியேறின.

கார்களில் தரை தாழ்ந்ததும் படி வேலையிழந்தது. கார்டன் ப்யூரிக் வடிவமைத்த கார்ட் 810 மிதிபலகையே இல்லாமல் 1935 நவம்பரில் நியூயார்க் கண்காட்சிக்கு வந்தது. பில் மிட்செல் வரைந்த 1938 கேடிலாக் சிக்ஸ்டி ஸ்பெஷலிலும் பலகை இல்லை. 1948 ஹட்சனில் தரையையே சட்டங்களுக்கு நடுவே இறக்கிவிட்டார்கள். காருக்குள் ஏறுவதற்குப் பதிலாக இறங்க வேண்டியிருந்தது. லாரிகளில் அது நடக்கவில்லை. சுமை தாங்கும் நேர்ச்சட்டத்தை வளைத்துத் தாழ்த்த யாரும் விரும்பவில்லை. அங்கேயும் ஸ்டூடிபேக்கர் முந்திக்கொண்டது. ராபர்ட் போர்க் வடிவமைத்த 1949 மாடல் 2ஆர் பிக்கப்பில் படி கதவுக்கு உள்ளே ஒளிந்துகொண்டது. கதவு மூடியிருக்கும்வரை சேறும் பனியும் அதில் படியாது. பிறகு 1955இல் ஷெவர்லே கேமியோவும் 1957இல் ஃபோர்டின் ஸ்டைல்சைடும் பெட்டியின் பக்கச் சுவரைக் கேபினின் அகலத்துக்கு வெளியே இழுத்தன. பலகைக்கு இடமே இல்லாமல் போயிற்று. பிடிவாதமாகக் கடைசிவரை அதை வைத்திருந்தது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 2003இல் மெக்சிகோவில் முடிந்த கடைசி வண்டியிலும் ரப்பர் போர்த்திய மிதிபலகை இருந்தது.

அதிபரின் பாதுகாப்புத் துறைக்கும் பலகை தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் கென்னடி சுடப்பட்டபோது, பின்னால் வந்த கேடிலாக்கின் இடது மிதிபலகையில் நின்றிருந்த பாதுகாவலர் கிளின்ட் ஹில் அதிலிருந்து குதித்துத்தான் அதிபரின் காரை நோக்கி ஓடினார்.

பழைய வண்டிக்கு அச்சு அசலான பலகை இன்றும் புதிதாக அடித்து விற்கப்படுகிறது. பிறகு ஏன் சொந்தமாகச் செய்யவேண்டும்? சிலர் அழகுக்காகச் செய்கிறார்கள். போல்ட் தலையே தெரியாத வழவழப்பான பலகை வேண்டும், அல்லது ஓக் மரப் பலகை வேண்டும் என்பார்கள். ஆனால் பெரும்பாலான வேலை வேறொரு முடிவிலிருந்து பிறக்கிறது. 3100இன் முன் ஆக்சில் பட்டை வில்லின் மேல் உட்கார்ந்த ஒற்றை இரும்பு உத்தரம். பிரேக்குகள் டிரம் வகை. இன்றைய நெடுஞ்சாலையில் அதை ஓட்டப் பொறுமையும் தோள்பலமும் வேண்டும். அதனால் பலர் உடம்பை மட்டும் தூக்கி, பின்னாளைய ஷெவர்லே எஸ்-10 பிக்கப்பின் சேசிஸில் வைக்கிறார்கள். அதில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் உண்டு. பழைய வண்டியில் முன் பின் சக்கரங்களின் இடைவெளி 116 அங்குலம். நீளப் பெட்டி கொண்ட எஸ்-10இல் 117.9 அங்குலம். கிட்டத்தட்ட ஒன்று என்று தோன்றும். அந்த 1.9 அங்குலம் 48 மில்லிமீட்டர்.

48 மி.மீ. எங்கேயாவது போயாக வேண்டும். சட்டத்தை வெட்டிக் குறைக்கலாம். அது பயிற்சி பெற்ற வெல்டரின் வேலை. பின் ஆக்சிலை முன்னே நகர்த்தலாம். அல்லது பெட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பலகையை நீட்டலாம். மூன்றாவது வழிதான் எளிது போலத் தெரியும். வேலை முழுவதையும் பலகையின் தலையில் கட்டும் வழியும் அதுதான். பழைய சட்டத்தில் பலகையைத் தாங்கிய பிராக்கெட்டுகள் புதிய சட்டத்தில் கிடையாது. அதன் அகலம் வேறு, வளைவுகள் வேறு. அளவெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அளவெடுப்பதில்தான் முதல் பாடம் வருகிறது. சேசிஸ் ஒரு வில். வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு எடுத்த அளவு, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது பொருந்தாது. இன்ஜினின் எடை முன்னே, பெட்டியின் எடை பின்னே, தாங்குமிடங்கள் வேறு என்றால் சட்டத்தின் வளைவும் வேறு. அனுபவசாலிகள் இன்ஜின், கண்ணாடி, பெட்ரோல் தொட்டி எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்க, வண்டி தன் சொந்தச் சக்கரங்களில் சமதளத்தில் நிற்கும்போதுதான் அளவெடுப்பார்கள். இன்ஜின் இன்னும் வரவில்லையென்றால் அதன் எடைக்கு மணல் மூட்டை வைப்பவர்களும் உண்டு. அதன் பிறகு கெட்டி அட்டையை வெட்டி ஒரு மாதிரி செய்து, கிளாம்ப் போட்டு நிறுத்தி, நான்கடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். அட்டைக்குச் செலவு கிடையாது என்பதால், கை கூசாமல் வெட்டி எறியலாம். கணினித் திரையில் வரைந்து லேசரில் வெட்டுகிறவர்களும் இந்த அட்டையைத் தவிர்ப்பதில்லை. கதவின் கீழ்விளிம்பு நேர்கோடு என்று கணினி நம்பும். எழுபது வயதுக் கதவு அப்படி நம்பாது.

பலகையை எந்தக் கோட்டுக்கு இணையாக வைப்பது என்பதும் கேள்வி. தரைக்கா, சட்டத்துக்கா, கதவின் விளிம்புக்கா? மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. தரை மட்டத்தை நம்பி வைத்தால், முன்பக்கம் தாழ்ந்து நிற்கும் வண்டியில் பலகை ஒரு பக்கம் தூக்கினாற்போல் தெரியும். கண்ணுக்கு எதிரே எப்போதும் இருப்பது கதவின் விளிம்பு. அதற்கு இணையாக வைப்பதே சரி. மற்ற இரண்டையும் பிராக்கெட்டின் உயரத்தில் சமாளித்துக்கொள்ளலாம்.

அடுத்தது எடை. 90 கிலோ மனிதர் பலகையின் வெளிவிளிம்பில் கால் வைக்கிறார். சட்டத்திலிருந்து அந்த இடம் 35 செ.மீ. தள்ளியிருக்கிறது. அவர் எடை சுமார் 900 நியூட்டன், 35 செ.மீ. கையால் பெருக்கினால் 315 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அதுவும் அவர் பூப்போலக் கால் வைத்தால்தான். ஒரு தாங்கியின்மேல் எடையைத் திடீரென்று விட்டால், மெல்ல இறக்கியதைவிட இருமடங்கு வளையும் என்பது இயந்திரவியலின் பழைய விதி. ஆகவே கணக்கை 630 என்று வைத்துக்கொள்வதே விவேகம். பிராக்கெட்டை சட்டத்தோடு பிடிக்கும் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால், மேல் போல்ட்டை வெளியே இழுக்கும் விசை 6,300 நியூட்டன், அதாவது 640 கிலோ. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் 8.8 தரத்து 10 மி.மீ. போல்ட் ஒன்று மூன்று டன்னுக்கும் மேல் தாங்கும். போல்ட் அறுந்து விழுவது அபூர்வம்.

ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. லாரிச் சட்டத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டில் சாய்த்த ‘ப’ போன்றது. திறந்த வாய் உள்பக்கம், முதுகு வெளிப்பக்கம். மேலும் கீழும் வளைவதை இந்த வடிவம் பிரமாதமாக எதிர்க்கும். முறுக்குவதைத்தான் எதிர்க்காது. அதில் ஒரு விசித்திரமும் உண்டு. எடை எந்தக் கோட்டின் வழியாக இறங்கினால் சட்டம் முறுக்காமல் வெறுமனே வளையுமோ, அந்தக் கோடு உலோகத்துக்குள்ளேயே இல்லை. ஷியர் சென்டர் எனப்படும் அந்தப் புள்ளி ‘ப’வின் முதுகுக்குப் பின்னால், காற்றில் இருக்கிறது. 15 செ.மீ. உயரமும் 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான கைகளும் கொண்ட சட்டத்தில் முதுகிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. வெளியே. அதிர்ஷ்டவசமாக அது பலகை இருக்கும் பக்கம்தான். ஆனாலும் மனிதர் நிற்பது 35 செ.மீ. தள்ளி. மீதமுள்ள 33 செ.மீ. முழுதும் சட்டத்தை முறுக்கும் நெம்புகோல்.

திறந்த வடிவம் முறுக்குக்கு எவ்வளவு பலவீனம் என்பதைக் காகிதக் குழாய் ஒன்றை எடுத்து வீட்டிலேயே பார்க்கலாம். முழுக் குழாயை இரு கைகளாலும் முறுக்கினால் எதிர்க்கும். நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டு முறுக்கினால் துவண்டுபோகும். காகிதம் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வளையம் மட்டும் உடைந்தது. 50 மி.மீ. பக்கமும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள சதுர இரும்புக் குழாய்க்கும் அதே குழாயைக் கீறியதற்கும் முறுக்கு எதிர்ப்பில் 180 மடங்குக்கு மேல் வித்தியாசம். பிராக்கெட் செய்கிறவர்கள் தட்டைப் பட்டையையும் ஆங்கிளையும் விட்டுச் சதுரக் குழாயைத் தேடுவதற்கு இதுதான் காரணம். ஆனால் பிராக்கெட் எவ்வளவு முறுக்கைத் தாங்கினாலும் அதை வாங்கிக்கொள்வது ‘ப’ சட்டம்தானே? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இடது பலகையிலிருந்து வலது பலகை வரை ஒரே குழாயை இரு சட்டங்களுக்கும் அடியில் குறுக்கே ஓட்டி, இரண்டிலும் பிடித்துவிடுவது. இடது பலகையில் ஒருவர் ஏறினால் குழாய் இடது சட்டத்தைக் கீழே அழுத்தும், வலது சட்டத்தை மேலே தூக்கும். முறுக்கு, மேல் கீழ் விசையாக மாறிவிடும். சட்டங்களுக்கு இடையே 80 செ.மீ. இருந்தால், 630 நியூட்டன் மீட்டர் முறுக்குக்காக ஒவ்வொரு சட்டத்துக்கும் வருவது கிட்டத்தட்ட 80 கிலோ. அரை டன் சுமக்கப் பிறந்த சட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புகைக்குழாயும் கியர்பெட்டியும் குறுக்கே நிற்கும். குழாயை வளைத்தோ தாழ்த்தியோ அவற்றைத் தாண்டுவதற்குத்தான் பாதி நாள் போகும்.

பலகையின் தகடு பொதுவாக 16 அல்லது 18 கேஜ்; ஒன்றரை அல்லது ஒன்றேகால் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில். இவ்வளவு மெல்லிய தகட்டின்மேல் ஆள் நிற்க முடிந்ததற்குக் காரணம், பழைய பலகைகளில் நீளவாக்கில் அழுத்தப்பட்ட வரிகள். கால் வழுக்காமல் இருக்க என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவை அதைவிடப் பெரிய வேலை பார்க்கின்றன. தட்டையான 1.2 மி.மீ. தகட்டின் பாதியை 3 மி.மீ. மேலேயும் மீதியை 3 மி.மீ. கீழேயும் தள்ளி வரிவரியாக்கினால், வரியின் திசையில் வளைவை எதிர்க்கும் திறன் 75 மடங்காகிறது. உலோகத்தின் அளவு ஏறக்குறைய அதேதான். நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது மட்டுமே மாறியது. இன்றைய ரசனைக்கு வழவழப்பான பலகை வேண்டுமென்று அந்த வரிகளை நீக்குகிறவர்கள் 75 மடங்கு விறைப்பையும் சேர்த்து நீக்குகிறார்கள். அப்படிச் செய்த பலகையை மிதித்தால் நடுவே ‘டொக்’ என்று குழியும், காலை எடுத்தால் ‘டொக்’ என்று எழும். அதன் மேலிருக்கும் விலையுயர்ந்த பெயிண்ட் ஒரு பருவத்தில் விரிசல் விடும். நீக்கியதை அடிப்பக்கத்தில் திருப்பித் தர வேண்டும்: தொப்பி வடிவப் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டியோ, வெளிவிளிம்பை ஆழமாக மடித்து உள்நோக்கித் திருப்பியோ.

ஒட்டுவது என்று இங்கே சொன்னது பசையை. வெல்டிங் பிடிவாதக்காரர்களுக்கு இது பிடிக்காது, ஆனால் இயற்பியல் பசையின் பக்கம் இருக்கிறது. இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.012 மி.மீ. விரியும். சுற்றிலும் குளிர்ந்த தகடு இறுக்கிப் பிடித்திருக்க, நடுவே ஒரு புள்ளி மட்டும் சூடானால் அதனால் விரிய முடியாது, தனக்குள்ளேயே நசுங்கும். சாதாரண இரும்பு நிரந்தரமாக நசுங்கத் தொடங்க வெறும் 100 டிகிரி சூடேறினால் போதும். வெல்டிங் குளமோ 1,500 டிகிரி. குளிரும்போது நசுங்கிய பகுதி சுருங்கி, பக்கத்துத் தகட்டை இழுக்கும். கண்ணாடிபோல் இருந்த பலகை அலையலையாகிவிடும். வெல்டிங்கைத் தவிர்க்க முடியாத இடங்களில், இங்கே ஒரு பொட்டு, அரையடி தள்ளி ஒரு பொட்டு, திரும்பிவந்து நடுவே ஒன்று என்று சூட்டைப் பரப்பி, ஒவ்வொரு பொட்டும் கை தாங்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பார்கள். பட்டி பூசி மறைத்துவிடலாம் என்ற எண்ணம் மிதிபலகையில் செல்லாது. மிதிபடும் இடத்தில் பட்டி நிற்காது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறொரு உலகத்துக்குள் நுழைகிறார்கள். அமெரிக்க வண்டிகளில் சரக்குப் பெட்டியின் தரையே மரமாக இருந்ததால், ஓக் பலகையும் அதன் நடுவே பளபளக்கும் உலோகப் பட்டைகளும் அந்தக் காலத்தோடு ஒட்டிப்போகும். எந்த ஓக் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிவப்பு ஓக்கின் நீர்க்குழல்கள் திறந்தவை. ஒரு துண்டின் முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழ் வரும். வெள்ளை ஓக்கின் குழல்களை டைலோஸ் என்ற திசு வளர்ந்து அடைத்திருக்கும். விஸ்கிப் பீப்பாய் ஒழுகாமலிருப்பதும் மழையில் மிதிபலகை அழுகாமல் தாக்குப்பிடிப்பதும் அதனால்தான்.

அடைத்திருந்தாலும் மரம் மூச்சுவிடும். பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, வெள்ளை ஓக் வளையங்களின் திசையில் சுமார் 10.5 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 5.6 சதவீதம்தான். நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லை. 20 செ.மீ. அகலப் பலகையின் ஈரம் குளிர்காலத்தில் 8 சதவீதமும் கோடை மழையில் 12 சதவீதமும் என்றால், சாதாரணமாக அறுத்த பலகை 3 மி.மீ. அகலம் மாறும். ஆரைவாக்கில் அறுத்ததென்றால் பாதிதான். விலை கூடுதலானாலும் அதையே வாங்குவது புத்திசாலித்தனம். அதோடு போல்ட் துளைகளை அகலத்தின் திசையில் நீள்துளையாக வெட்டவேண்டும்; இல்லாவிட்டால் மரம் தானே பிளந்து இடம் தேடிக்கொள்ளும். வெறும் இரும்பு போல்ட்டை ஓக்கில் இறுக்கிவிட்டு மழையில் நிறுத்தினால், ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் கருநீலக் கறை பரவும். ஓக்கின் டானினும் இரும்பும் சேர்ந்து மையாகிவிட்டன. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதிய மை அந்தச் சேர்க்கைதான். கலம்காரித் துணியில் கடுக்காயும் துருநீரும் சேர்ந்து கறுப்புக் கோடாவதும் அதே வேதியியல். துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அலுமினியம் எடை குறைவு, வைர வடிவப் புடைப்புகள் கொண்ட தகடு கடையிலேயே கிடைக்கும் என்று அந்தப் பக்கம் போகிறவர்களும் நிறைய. அழகைப் பற்றி அவரவர் ரசனை; 1947 வண்டியில் அது தீயணைப்பு லாரியை நினைவூட்டும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய சிக்கல் ஒட்டுமிடத்தில் வரும். உப்புத்தண்ணீர் நனைக்கும் இடத்தில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலச் சாலையெங்கும் பனியை உருக்க உப்பு கொட்டுகிறார்கள். வாகனத் தலைநகரான டெட்ராய்ட்டின் அடியிலேயே ஆயிரம் அடிக்குக் கீழே ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. சாலைக்கு உப்பு அங்கிருந்தும் போகிறது. வண்டியும் அந்த ஊரில், அதைத் தின்னும் உப்பும் அந்த ஊரில்.

இந்தத் தின்னலின் மிகப் பெரிய உதாரணம் நியூயார்க் துறைமுகத்தில் நிற்கிறது. சுதந்திர தேவி சிலையின் செம்புத் தோல் 2.4 மி.மீ. தடிப்பு. அதை உள்ளே தாங்கியது ஐஃபெலின் இரும்புச் சட்டகம். இரண்டும் தொடாதிருக்க அரக்கில் நனைத்த கல்நார் வைத்தார்கள். கடற்காற்றில் அது மட்கியதும் இரும்புப் பட்டைகள் துருப்பிடித்து வீங்கின. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் செம்பின் ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. 1986 நூற்றாண்டுப் புதுப்பிப்பில் அந்தப் பட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகால் மாற்றி, இடையே டெஃப்லான் வைத்தார்கள். மிதிபலகையிலும் அதே தீர்வுதான், சிறிய அளவில்: அலுமினியத் தகட்டுக்கும் இரும்பு பிராக்கெட்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது நைலான் பட்டை, போல்ட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் புஷ். இன்னொரு நுணுக்கம் உண்டு. பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எஃகு போல்ட் போட்டால் அரிப்பு பரந்த பரப்பில் மெதுவாக நடக்கும். பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால், பசி முழுவதும் அந்த ரிவெட்டின்மேல் பாயும். சில குளிர்காலங்களில் ரிவெட் இருக்காது.

வெயிலும் தன் பங்குக்கு வேலை செய்யும். அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். இரண்டு மீட்டர் நீளப் பலகை, 60 டிகிரி வெப்பநிலை மாற்றம் என்றால் இரண்டுக்கும் இடையே 1.3 மி.மீ. வேறுபடும். நடுவில் ஒரு போல்ட்டை மட்டும் வட்டத் துளையில் இறுக்கி, மற்றவற்றை நீள்துளையில் விட்டால் பலகை இரு பக்கமும் சமமாக நீண்டு சுருங்கும்.

மேலே ரப்பர் போர்த்துவது பீட்டில் காட்டிய வழி. கரி கலந்த ரப்பர் வெயிலைத் தாங்கினாலும் காற்றிலுள்ள ஓசோன் இழுவையிலிருக்கும் ரப்பரைத் தேடி விரிசலிடும். விளிம்பில் இழுத்து மடிக்காமல் தளர்வாக ஒட்டினால் நெடுநாள் வரும். ஈரத்தில் வழவழப்பான பெயிண்ட்மேல் தோல் செருப்பு எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி மாட்டுவது. பழைய வண்டியில் மட்கார்டும் பலகையும் சேருமிடத்தில் துணி சுற்றிய பீடிங் இருக்கும். கீச்சொலியைத் தடுப்பதோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டரை விழுங்கவும் அது வைக்கப்பட்டது. எல்லா போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகி நிறுத்தி, முதலில் பிராக்கெட், பிறகு நடு, கடைசியில் மட்கார்டு முனைகள் என்று இறுக்குவார்கள். மட்கார்டில் துளை சேராவிட்டால் ஸ்பானரால் இழுத்துச் சேர்க்கக் கூடாது. மட்கார்டின் கீழ் முனையில் 3 மி.மீ. இழுத்தால் அது கேபின் முனையில் திரும்பி, கதவின் இடைவெளியைத் தின்றுவிடும். தொடக்கத்தில் சொன்ன உரசல் அப்படி வருவதுதான். துளையை நீட்டலாம், பிராக்கெட்டுக்கு அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைக்கலாம், பிழை எங்கே தொடங்கியதென்று பின்னோக்கித் தேடிப் பெட்டியையே நகர்த்தலாம். கடைசி வழிதான் சரியானது. பெயிண்ட் அடித்த பிறகு அதற்கு யாருக்கும் மனம் வராது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் முழு வண்டியையும் பெயிண்டுக்கு முன்பே ஒருமுறை வெறும் தகட்டோடு பூட்டிப் பார்த்துக் கழற்றுகிறார்கள்.

அந்த வெறும்தகட்டுப் பூட்டலிலேயே ஒரு சோதனையும் முடிந்துவிட வேண்டும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் உயரமான கட்டையின்மேல் ஏற்றி நிறுத்தினால் சட்டம் முறுக்கும். கேபின் ஒரு பக்கமும் பெட்டி மறுபக்கமும் சாயும். பலகையின் பின்முனைக்கும் மட்கார்டுக்கும் இடையே தடிப்பு அளக்கும் தகடுகளை நுழைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்து எதிர்மூலைச் சக்கரத்தை ஏற்றுவார்கள். சமதளத்தில் 5 மி.மீ. இருந்த இடைவெளி எந்த மூலையிலாவது 1 மி.மீ.க்குக் கீழே வந்தால், பலகையைக் கழற்றி அந்த முனையை அரத்தால் ராவிவிட்டு, அதற்கப்புறம்தான் பிரைமர் டப்பாவைத் திறப்பார்கள்.